காருக்குக் கேட்கக் கூடாத குரல்

ஸ்ரீநிவாசின் கைபேசி அடித்தால் அதற்குள் இருந்து என் குரல் வரும். "ஏலாது... ஏலாது... இனி ஏலாது." சாப்பாட்டுக்கூடத்தில் இருக்கும் எல்லோரும் தட்டிலிருந்து தலையைத் தூக்கிச் சிரிப்பார்கள். தமிழ் தெரியாத ஜேர்மன்காரரும் சிரிப்பார்கள். அழுவதற்குச் சற்று முன்னால் நிற்கும் குரல் அது என்று விளங்க மொழி தேவையில்லை. ஸ்ரீநிவாஸ் உடனே எடுக்கமாட்டார். மூன்றாவது 'ஏலாது' முடியும்வரை விட்டுவிட்டுத்தான் எடுப்பார்.

நான் அப்போது உருளைக்கிழங்கை வெட்டிக்கொண்டிருப்பேன். வெட்டிய துண்டையே மறுபடியும் வெட்டுவேன்.

அது இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு, இலையுதிர் காலம். எனக்குப் பதினேழு வயது. பள்ளிக்கூடத்தைப் பத்தாம் வகுப்போடு விட்டிருந்தேன். ஜேர்மன் பள்ளிக்கூடத்தில் எழுதுகிற பரீட்சைக்குப் பாதிப் புள்ளிதான். மற்றப் பாதி வகுப்பில் கை உயர்த்திப் பேசுவதற்கு. எழுத்தில் எனக்கு ஒன்று, வாய்மொழியில் ஆறு. அங்கே ஒன்றுதான் நல்லது, ஆறு கடைசி. மூன்று வருடம் ஒரு தரம்கூட என் கை மேலே போகவில்லை. "சுகன்யாதேவி, எழுந்து நின்று சொல்" என்று ஆசிரியை சொல்லும்போதெல்லாம் நான் மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தே இருப்பேன். ஒருநாள் காலை பள்ளிக்கூடத்து நிறுத்தத்தில் ரயில் நின்றது, நான் இறங்கவில்லை. அவ்வளவுதான்.

வேலை அலுவலகத்தில் ஒரு படிவம் தந்தார்கள். எங்காவது எட்டுக் கிழமை, அதாவது இரண்டு மாதம், பயிற்சி வேலை செய்து முத்திரை வாங்கிவர வேண்டும். எங்கள் மாடிக்குக் கீழே இருந்த பிளோறன்ஸ் அக்கா, பிராங்பேர்ட்டுக்கு வெளியே கார்களுக்கு மின்னணுக் கருவிகள் செய்யும் ஒரு நிறுவனத்தில் துப்புரவு வேலை செய்தா. அவதான் வந்து சொன்னா.

"பிள்ளை, எங்கடை வேலையிலை தமிழ் கதைக்கிற ஆள் தேடுகினம். ஒரு பெட்டிக்குள்ளை இருந்து கதைக்கவேணுமாம். ஒருத்தரும் பாக்கமாட்டினம்."

"ஆரோடை கதைக்கிறது?"

"காரோடை."

"அது திருப்பிக் கதைக்குமோ?"

"கதைச்சாலும் உன்னை எழும்பி நில் எண்டு சொல்லாது. வெளிக்கிடு."

அந்த நிறுவனத்தில் ஒரு பரிசோதனைக் கார் இருந்தது. கடுஞ்சாம்பல் நிறம். கூரையில் சுழலும் ஒரு கறுப்பு டப்பா. வாயால் சொன்னால் தானாக ஓடும், ஆனால் நடக்கிற வேகத்துக்கு மேல் போகாது. ஜேர்மன் மொழியும் ஆங்கிலமும் அதற்கு ஏற்கெனவே தெரியும். முற்றிலும் தெரியாத ஒரு மொழியை மூன்றே மாதத்தில் காருக்குப் பழக்க முடியுமா என்று பார்ப்பதுதான் திட்டம். திட்டத் தலைவி ஹெல்விக் அம்மையார். அவருக்குக் கீழே வேலை செய்த சென்னை எஞ்சினியர் ஸ்ரீநிவாஸ், தன் மொழியையே எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தார்.

முதல் நாள் அவர் என்னோடு நன்றாகத்தான் பேசினார்.

"இன்னும் பதினஞ்சே வருஷம்மா. ஸ்டியரிங்கே இருக்காது. ஏறி உக்காந்து போற இடத்தைச் சொன்னாப் போதும். உங்க அப்பா என்ன பண்றார்?"

"டாக்சி ஓடுறார்," என்று என் சப்பாத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"அடடா. அவர்கிட்ட சொல்லிடு, வேற வேலை பாத்துக்கச் சொல்லி."

வீட்டில் அதைச் சொன்னபோது அப்பா சோற்றைப் பிசைந்தபடி, "ஸ்டியரிங் இல்லாட்டிக் கோவம் வரேக்கை எதைப் பிடிக்கிறது?" என்று கேட்டார்.

பெட்டி என்று பிளோறன்ஸ் அக்கா சொன்னது சத்தம் புகாத ஒரு சின்ன அறை. சுவரெல்லாம் சாம்பல் நிறப் பஞ்சு. ஒரு மைக், ஒரு திரை. திரையில் ஜேர்மன் மொழியில் ஒரு நிலைமை வரும். அந்த நிலைமையில் காரிடம் என்ன சொல்வாயோ அதைத் தமிழில் சொல்ல வேண்டும். "உனக்கு எப்படி வருதோ அப்படியே பேசு. அதுதான் எங்களுக்கு வேணும்," என்றார் ஸ்ரீநிவாஸ்.

புறப்படலாமா என்று கார் கேட்கிறது. எங்கள் வீட்டில் ஆமாம் என்பதற்கு ஓம். நான் "ஓம்" என்றேன். வேகமாகப் போகிறது. "ஆறுதலாப் போ" என்றேன். தெருவில் ஒரு பிள்ளை நிற்கிறது. "நிப்பாட்டு!" உங்களுக்குக் குமட்டுகிறது, இனிப் பயணம் செய்ய முடியாது, காரிடம் என்ன சொல்வீர்கள்? இதை மட்டும் இரண்டு தரம் வாசித்தேன். எழுந்து நில் என்று சொன்ன ஆசிரியைக்கு மூன்று வருடமாகச் சொல்ல நினைத்த 'முடியாது' எங்கள் வீட்டுத் தமிழில் வந்தது. "ஏலாது. ஏலாது. இனி ஏலாது."

மூன்று கிழமை அந்த அறைக்குள் இருந்தேன். நாலாயிரத்துக்கும் மேலே ஒலித்துண்டுகள். என் வாழ்நாளில் அதற்கு முன்பு பேசியதெல்லாம் சேர்த்தாலும் அவ்வளவு வராது. மாலையில் ரயிலில் வரும்போது தொண்டை நோகும். அந்த நோவு எனக்குப் பிடித்திருந்தது. எங்கோ ஒரு கார் என்னைக் கேட்டுக் கேட்டுப் படிக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். நாளைக்கு அம்மா ஏறி "ஓம்" என்றால் அது புறப்படும்.

நாலாவது கிழமை ஒலித்துண்டுகளைக் கணினியில் அடுக்கிப் பெயரிடும் வேலை தந்தார்கள். அங்கே இரண்டு கோப்புறைகள் இருந்தன. ஒன்றின் பெயர் 'தமிழ்'. அதற்குள் ஸ்ரீநிவாசும், தமிழ்நாட்டிலிருந்து படிக்க வந்த பதினெட்டு மாணவர்களும் பேசியவை இருந்தன. மற்றதின் பெயர் 'ம்யுல்'. ஜேர்மன் மொழியில் குப்பை. திறந்து பார்த்தேன். இருமல், தும்மல், கதவு சாத்தும் சத்தம், நாய் குரைப்பது. அவற்றுக்குக் கீழே நாலாயிரம் துண்டுகள், ஒவ்வொன்றிலும் என் பெயரின் முதலெழுத்தும் நான் பதில் சொன்ன நிலைமையின் இலக்கமும்.

பக்கத்து மேசையில் விஷால் இருந்தான். ஸ்ரீநிவாசின் கீழே படிப்புக்காக வேலை பழகும் மாணவன். அவனிடம் கேட்க எனக்கு ஒரு மணி நேரம் பிடித்தது.

"இது... பிழையா மாறி வந்திட்டுதோ?"

"எது? ஓ, அதுவா." அவன் நாற்காலியோடு திரும்பினான். "ஸ்ரீ, இந்தப் பொண்ணு அதைப் பாத்துடுச்சு."

ஸ்ரீநிவாஸ் காப்பிக் கோப்பையோடு வந்தார். "தப்பா எடுத்துக்காதம்மா. எதைக் கேக்கணும்னு மட்டும் சொல்லிக் குடுத்தாப் போதாது. எதைக் கேக்கக் கூடாதுன்னும் காருக்குத் தெரியணும். அதுக்குத் தமிழ் மாதிரியே இருக்கற, ஆனா தமிழ் இல்லாத சத்தம் நிறைய வேணும். உன்னுது பர்ஃபெக்டா இருந்துச்சு."

"நான் கதைச்சது தமிழ்தானே."

"என்னது?"

நான் மெதுவாகச் சொல்லியிருந்தேன். அவருக்குக் கேட்கவில்லை. நான் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

விஷால் ஒரு துண்டை ஓடவிட்டான். "ஓம்." இன்னொன்று. "ஓம்." இன்னொன்று. "பூஜை ஆரம்பிச்சாச்சு, மணி அடிங்கப்பா," என்றான். ஸ்ரீநிவாஸ் கரண்டியால் கோப்பையைத் தட்டினார். பிறகு என்னைப் போலவே குரலை மெல்லியதாக்கி, தலையைக் குனிந்து, "ஓம்... ஆறுதலாப் போங்கோ..." என்றார். அச்சொட்டாக இருந்தது. அதுதான் கொடுமை. என் குரலை அவர் அவ்வளவு கவனமாகக் கேட்டிருக்கிறார், கேட்டுவிட்டுத்தான் குப்பையில் போட்டிருக்கிறார்.

அதற்கு அடுத்த நாள்தான் 'ஏலாது' அவருடைய கைபேசிக்குள் போனது. அதோடு எனக்குப் பெயரும் மாறியது. "ஏலாதுகிட்ட குடு, அடுக்கி வைக்கும்." "ஏலாது வந்தாச்சா?" முன்பு 'இந்தாம்மா', இப்போது 'ஏலாது'. வேறு வேலை இல்லாத நேரத்தில் என்னைச் சாப்பாட்டுக்கூடத்துச் சமையலறைக்கும் அனுப்பினார்கள்.

பிளோறன்ஸ் அக்கா ஒருநாள் தரை துடைத்துக்கொண்டிருந்தபோது அந்த ஒலி வந்தது. அவ துடைப்பத்தை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குள் வந்தா.

"அது உன்ரை குரல் எல்லே? அந்தக் குரங்கு உன்னை ஹண்டிப் போனுக்குள்ளை போட்டு அடிக்குது. போய்க் கேள் பிள்ளை."

"ஏலாது அக்கா."

"பார், அதைத்தான் அவன் பிடிச்சு வைச்சிருக்கிறான்."

அன்றைக்குத்தான் நான் தீர்மானித்தேன். அவர் தோற்க வேண்டும். எல்லோருக்கும் முன்னால் தோற்க வேண்டும். அதுவும் என் குரலைக் குப்பை என்று அவர் ஒதுக்கியதாலேயே தோற்க வேண்டும். அதற்கு நான் எழுந்து நின்று பேசத் தேவையில்லை.

வெள்ளோட்டம் ஒரு திங்கட்கிழமை. தலைமை அலுவலகத்திலிருந்து நாலு பேர் பார்க்க வருகிறார்கள். கார் அதன் கொட்டகையிலிருந்து புறப்பட்டு, வாகனத் தரிப்பிடத்தைச் சுற்றி, கண்ணாடிப் போத்தல் போடும் தொட்டிகளைத் தாண்டி, சாப்பாட்டுக்கூடத்து வாசலில் நிற்க வேண்டும். எல்லாமே தமிழில், வாயால். கையோ காலோ எதையும் தொடக் கூடாது. தொட்டால் தோல்வி. வென்றால் திட்டம் இன்னும் இரண்டு வருடம் நீளும், ஸ்ரீநிவாஸ் அதற்குத் தலைவர். தோற்றால் மார்கழியோடு திட்டத்தை மூடுவார்கள், அவருடைய ஒப்பந்தத்தையும். அதை அவரே விஷாலிடம் நூறு தரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அவர் கோட்டை மாட்டிக்கொண்டே சொன்னார்: "ஏலாது, அந்த ரெண்டு ஃபோல்டரையும் பெரிய மெஷின்ல போட்டு ஸ்டார்ட் பண்ணிட்டுப் போ. சனி, ஞாயிறு அது படிச்சுக்கும். திங்கக்கிழமை காலைல ரெடி."

"ஓம்," என்றேன்.

"பூஜை!" என்று கதவுக்கு வெளியே இருந்து விஷால் கத்தினான்.

அவர்கள் போன பிறகு மூன்று தரம் பெயர் மாற்றினேன். 'தமிழ்' என்றதை 'அ' ஆக்கினேன். 'ம்யுல்' என்றதைத் 'தமிழ்' ஆக்கினேன். 'அ' என்றதை 'ம்யுல்' ஆக்கினேன். இருமலையும் நாயையும் மட்டும் எடுத்து அவர்களோடு சேர்த்தேன். பிறகு பொத்தானை அழுத்தினேன். பெரிய கணினி மூச்சு விடத் தொடங்கியது.  எழுத்துப் பரீட்சையில் எனக்கு எப்போதும் ஒன்றுதான்.

திங்கட்கிழமை காலை ஸ்ரீநிவாஸ் திரையைப் பார்த்துவிட்டுக் கைதட்டினார். காருக்குப் பரீட்சை வைத்ததில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு. அந்தப் பரீட்சைக்குத் துண்டுகளை எடுப்பது 'தமிழ்' என்ற கோப்புறையிலிருந்துதான். என் குரலைப் படித்த கார் என் குரலிலேயே பரீட்சை எழுதியிருந்தது. அவர் ஒரு துண்டைக்கூடத் திறந்து கேட்கவில்லை. இலக்கம் நன்றாக இருந்தால் யார் திறந்து கேட்பார்கள்?

ஒன்பது மணிக்கு அவர் சாரதி இருக்கையில் ஏறினார். பக்கத்தில் ஹெல்விக் அம்மையார். பின்னால் மடிக்கணினியோடு நான். கார் என்ன கேட்டது என்பதை நேரத்தோடு குறிப்பது என் வேலை. விஷால் போத்தல் தொட்டிகளுக்கு அருகே நின்றான். ஏதாவது குறுக்கே வந்தால் அவன் அழைத்துச் சொல்வதற்காக ஸ்ரீநிவாஸ் தன் கைபேசியை முன்பலகையில், மைக்குக்குப் பக்கத்தில் செருகி வைத்தார். இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டார்.

"வணக்கம். புறப்படலாமா?" என்று கார் கேட்டது. சென்னையில் பதிவு செய்த ஒரு பெண் குரல்.

"ஆமாம்," என்றார் ஸ்ரீநிவாஸ்.

என் திரையில் ஒரு சொல் வந்தது: குப்பை.

"புரியவில்லை. மீண்டும் சொல்லவும்."

"ஆமாம்."

குப்பை.

"புரியவில்லை. மீண்டும் சொல்லவும்."

"ஆமா! சரி! கிளம்பு! போகலாம்!"

குப்பை, குப்பை, குப்பை, குப்பை.

ஹெல்விக் அம்மையார் மணிக்கூட்டைப் பார்த்தார். சாப்பாட்டுக்கூடத்து வாசலில் நாலு கறுப்புக் கோட்டுகள் இங்கே திரும்பி நின்றன. ஸ்ரீநிவாசின் பிடரியில் வியர்வை ஒரு கோடாக இறங்குவதைப் பார்த்தேன். அதை இன்னும் கொஞ்ச நேரம் பார்க்க வேண்டும்போல் இருந்தது. அவர் பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். ஐந்து கிழமைகளில் முதல் தடவையாக நான் கண்ணைத் தாழ்த்தவில்லை.

அவர் கெட்டிக்காரர். அதை நான் மறைக்கப்போவதில்லை. நான் பார்த்த பார்வையிலேயே அவருக்கு விளங்கிவிட்டது. வாய் பாதி திறந்தது. என்னைத் திட்டினால் அந்தக் கோப்புறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சரிபார்க்காமல் ஒரு பயிற்சிப் பிள்ளையிடம் விட்டதைச் சொல்ல வேண்டும். நாலு கோட்டுகள் காத்துக்கொண்டிருந்தன. அவர் தொண்டையைச் செருமினார். தலையைக் கொஞ்சம் குனிந்தார். குரலை மெல்லியதாக்கினார்.

"ஓம்," என்றார்.

கார் புறப்பட்டது.

 இதை நான் யோசிக்கவே இல்லை. என்னைப் பழித்துப் பழித்து அவர் என் தமிழை அச்சொட்டாகப் பழகி வைத்திருந்தார். கார் வளைவில் வேகம் எடுத்தபோது "ஆறுதலாப் போ" என்றார், அது மெதுவானது. சைக்கிளில் ஒருவர் குறுக்கே வந்தபோது "நிப்பாட்டு" என்றார், அது நின்றது. மறுபடியும் "ஓம்", மறுபடியும் நகர்ந்தது. என் திரையில் வரிசையாகச் சரி, சரி, சரி.

"ஏன் திடீரென்று சின்னப் பெண்ணைப் போலப் பேசுகிறீர்கள்?" என்று ஹெல்விக் அம்மையார் சிரித்துக்கொண்டு கேட்டார்.

"இது ஒரு வட்டார வழக்கு," என்று அவர் ஜேர்மன் மொழியில் சொன்னார். "கடினமானது. அதனால்தான் இதைத் தெரிந்தெடுத்தேன்."

"அபாரம்," என்றார் அம்மையார்.

தெரிந்தெடுத்தாராம்! போத்தல் தொட்டிகளைத் தாண்டிவிட்டோம். விஷால் பெருவிரலை உயர்த்திக் காட்டினான். வாசலுக்கு இன்னும் முப்பது மீற்றர். நாலு பேரில் ஒருவர் கைதட்டத் தயாராகக் கையுறையைக் கழற்றினார். என் குரலைக் குப்பையில் போட்டவர், அதே குரலை வாயில் போட்டுக்கொண்டு இரண்டு வருடத்தை வாங்கப்போகிறார். கண்ணாடியில் என்னைப் பார்த்து அவர் புருவத்தை ஒரு தரம் உயர்த்தினார். என்ன பண்ணுவே, என்று.

என் இடது கை கோட்டுப் பைக்குள் இருந்தது. அதற்குள் என் கைபேசி இருந்தது. பிந்தி வந்தால் அறிவிக்க வேண்டும் என்று அவருடைய இலக்கத்தை முதல் நாளே எனக்குத் தந்திருந்தார்கள். ஒன்றாம் பொத்தானை நீளமாக அழுத்தினால் போதும்.

அழுத்தினேன்.

முன்பலகையில், மைக்குக்குப் பக்கத்தில், என் குரல் எழுந்தது.

"ஏலாது..."

ஸ்ரீநிவாஸ் கையை நீட்டினார். பிறகு, எதையும் தொடக் கூடாது என்பது நினைவு வந்து, கை அந்தரத்தில் நின்றது.

"ஏலாது... இனி ஏலாது."

"சரி," என்றது கார். "பயணம் ரத்துச் செய்யப்பட்டது. நன்றி."

அது நின்றது. இயந்திரம் அணைந்தது. நாலு கதவுகளின் பூட்டும் ஒரே நேரத்தில் திறந்த சத்தம் கேட்டது. வாசலுக்கு இருபது மீற்றர் இருந்தது. கையுறையைக் கழற்றியவர் சற்று நேரம் பார்த்துவிட்டு மறுபடியும் அதை மாட்டிக்கொண்டார்.

கைபேசி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. அதன் திரையில் அழைப்பவர் பெயர் ஆங்கில எழுத்தில் மின்னியது: ஏலாது. அவர் அதைப் பார்த்தார். மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் பைக்குள் இருந்தபடியே அழைப்பை நிறுத்தினேன். முன்பலகை அமைதியானது. பரிதாபம் ஏதாவது வருமா என்று உள்ளுக்குள் தேடிப் பார்த்தேன். வரவில்லை.

ஹெல்விக் அம்மையார் பின்னால் சாய்ந்து என் மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பினார். மேலிருந்து கீழே வாசித்தார். கடைசி வரியில் அவருடைய விரல் நின்றது. கார் கேட்டதில் எவ்வளவு உறுதி என்று காட்டும் இலக்கம் அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது, மற்ற எந்த வரியிலும் எழுபதைத் தாண்டவில்லை.

"இன்றைக்கு இந்தக் கார் தயங்காமல் பிடித்தது இந்த ஒரு குரலைத்தான்," என்றார். "அதுவும் ஒரு கைபேசியிலிருந்து. யாருடையது இது, ஸ்ரீநிவாஸ்?"

அவர் கைபேசியை முன்பலகையிலிருந்து எடுத்துப் பைக்குள் போட்டார்.

"அறிக்கையில் எழுத வேண்டும். பெயர் சொல்லுங்கள்."

ஸ்ரீநிவாஸ் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.  ஐந்து கிழமை என்னை வைத்து வேலை வாங்கியவர். நாலாயிரம் துண்டு பேச வைத்தவர். அவருடைய கண் என் கோட்டில் அடையாள அட்டையைத் தேடியது. பயிற்சிக்கு வருபவர்களுக்கு அட்டை தருவதில்லை. அவர் இருக்கையில் முழுவதுமாகத் திரும்பி, மிகவும் தாழ்ந்த குரலில், முதல் தடவையாக மரியாதையோடு கேட்டார்.

"உங்க பேர் என்னம்மா?"

அந்தச் சாம்பல் பஞ்சு அறைக்கு வெளியே, அந்த நிறுவனத்தில் நான் உரத்துப் பேசியது அன்றைக்குத்தான். சென்னைப் பெண்ணின் குரலில், ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னேன்.

"புரியவில்லை. மீண்டும் சொல்லவும்."